கொழுந்துக் கூடையும் குறிப்புப் புத்தகமும்

சென்ற ஆவணியில் ஒருநாள் மாலை, பசறை வீதியை அண்டியுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே எமக்கு நெடுநாட் பழக்கமான குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். கச்சான் காற்று மலைகளின்மேல் வறண்டு வீசிக்கொண்டிருந்தது. லயத்து வாசலில் அவ்வீட்டு முதியவள் காலை நீட்டி அமர்ந்திருந்தாள். நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்து காய்த்துப்போன அவளுடைய தோளிலே பேர்த்தி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தைலத்தின் காரமான வாசனை வாசலெங்கும் நிறைந்திருந்தது.

"அப்பாயி, இந்தத் தைலத்துல இருக்கிற வாசனையும் நீங்க எடுத்த கொழுந்துல இருக்கிற வாசனையும் ஒண்ணுதான், தெரியுமா?" என்றாள் பேர்த்தி.

"போடி! தைலம் கடையில வாங்குறது. கொழுந்து மலையில எடுக்குறது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்று முதியவள் நகைத்தாள்.

பேர்த்தி கூறியது வேடிக்கையன்று. அவள் பல்கலைக்கழகமொன்றின் விஞ்ஞானப் பகுதியிலே நான்காண்டுக் கல்வியை முடித்துப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவி. இறுதியாண்டில் அவள் மேற்கொண்ட ஆராய்ச்சியே இந்த வாசனையைப் பற்றியதுதான். அவளது வேலையைக் கண்ட பேராசிரியர், மேலும் ஈராண்டுகள் அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடருமாறு கூறியிருக்கிறார். அவளுக்கும் அதுவே விருப்பம். ஆனால் தோட்டத்திலே கவ்வாத்து வேலை செய்யும் தந்தையாரோ எம்மைக் கண்டதும் பாயை விரித்து அமரச் செய்து, மனத்திலுள்ளதைக் கொட்டிவிட்டார்.

"ஐயா, நீங்க நாலும் தெரிஞ்சவங்க. நாலு வருஷம் படிக்க வச்சாச்சு. ஒரு டீச்சர் வேலையோ பேங்கு வேலையோ பார்த்தா வீடு நிமிரும். இதுக்கு அடுத்தவன் உயர்தரம் படிக்கிறான். இலையை மோந்து பார்த்து எழுதுறதுக்கு இன்னும் ரெண்டு வருஷமா? அதனால யாருக்கு என்ன வரும்?"

அவரது கேள்வி நியாயமானது. மலையகத்தில் மட்டுமன்றி, பிள்ளைகளை விஞ்ஞானம் கற்க அனுப்பிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி இன்று எழுகின்றது. ஆதலின் அன்று அவருக்குக் கூறியதையும், கூறத் தெரியாமல் நாம் விழித்ததையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலில், அந்தப் பெண் ஆராய்ந்த பொருள் யாதெனக் காண்போம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் மழையை மலையகத்தின் மேற்குச் சரிவுகளிலே கொட்டிவிடுகின்றது. நடு மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அது ஈரமிழந்து, வெம்மையும் வறட்சியும் கொண்ட காற்றாய் மாறிவிடுகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்று வீசுங்காலத்தில் தேயிலைச் செடி மெல்ல வளர்கிறது, கொழுந்து குறைகிறது, ஆனால் மணம் கூடுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை தனிப்பெயர் பெற்றிருப்பது இந்தச் சில கிழமைகளின் மணத்தினாலேயாகும்.

அம்மணத்துக்குக் காரணமான பொருள்களில் முக்கியமான ஒன்று மெதைல் சலிசிலேற்று. கைகால் நோவுக்கு நாம் தேய்க்கும் தைலங்கள் பலவற்றின் கார வாசனையும் இதனுடையதே. பச்சை இலையினுள்ளே இது சர்க்கரைப் பொருளோடு பிணைந்து, பெரும்பாலும் மணமின்றி ஒடுங்கிக் கிடக்கும். ஸ்டோரிலே இலை வாடி, உருளையில் அரைபடும்போது, இலையிலுள்ள நொதியம் அப்பிணைப்பை அறுத்துவிட, மணம் வெளியேறுகிறது. பூச்சி கடித்தாலும் இப்பொருளைக் கூடுதலாக வெளிவிடும் செடிகள் பல உண்டு. சுமையினால் நொந்த தோளுக்கு மருந்தாவதும், வறட்சியில் வாடிய செடி தருவதும் ஒரே பொருளாயிருப்பதைக் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

"சரி, அதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார் தந்தையார். அவருக்கு இம்மலைகளின் பழங்கதை இரண்டைச் சொன்னோம்.

இன்று தேயிலை நிற்கும் நிலங்கள் பலவற்றில் ஒருகாலத்தில் கோப்பி நின்றது. 1869-ஆம் ஆண்டில் இதே பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையிலேதான், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள்போலப் படரும் நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெய்ற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பேர்க்கிலி என்னும் அறிஞர் அது ஒருவகைப் பூஞ்சணம் எனக் கண்டு, 'அழிப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். நோய் மலைக்கு மலை தாவியது. 1880-இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானியை அரசாங்கம் இங்கே வரவழைத்தது. அவர் கண்ணாடித் துண்டுகளிற் கிளிசரீனைத் தடவிக் காற்றிலே வைத்தார். பறந்துவந்து ஒட்டிய நுண்ணிய வித்திகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். நோய் காற்றிலே பரவுகிறதென்றும், காட்டை அழித்து இடைவெளியின்றி ஒரே பயிரை மலை மலையாக நட்டமையே அதற்கு வழி திறந்துவிட்டதென்றும் காட்டினார்.

தோட்டத் துரைமார் எதிர்பார்த்ததோ ஒரு மருந்து. வார்ட் தம்மிடம் இல்லாத மருந்தை உண்டென்று சொல்லவில்லை. அவர் 1882-இல் திரும்பிச் சென்றார், கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. எனினும், பயிர்நோய் பரவும் விதத்தைப் பற்றி உலகம் கற்ற முதற் பாடங்களுள் அவருடைய ஆராய்ச்சியும் ஒன்றாக நிலைத்தது.

இரண்டாவது கதை தேயிலைக் காலத்தது. இலைகளைச் சுருட்டிப் பிணைத்துத் தின்னும் ஒருவகைப் புழு தேயிலைக்குப் பெருஞ்சேதம் விளைத்துவந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-இல் தோன்றியது. தலவாக்கலையிலே தலைமையகம் கொண்டு, இன்று பசறையிலும் ஒரு கிளையை வைத்திருப்பது. 1935, 1936-ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியினம் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. அது அப்புழுவின் உடலிலே முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கியது. பின்னர், 1950-களின் இறுதியிலும் 1960-களிலும், கிளையைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிப்பதற்காக டீல்திரின் என்னும் நஞ்சைத் தெளித்தபோது, தெளித்த இடங்களிலே நன்மை செய்த குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் தலையெடுத்தது. ஒன்றைத் தீர்க்கப்போய் மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டதை உணர்த்தியதும் ஆராய்ச்சியே. நஞ்சைத் தோளிற் சுமந்து தெளித்தவர் யாவரென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆராய்ச்சியால் யாருக்கு என்ன வரும் என்னும் கேள்விக்கு இஃது ஒரு விடை.

தந்தையார் கவனமாகக் கேட்டார். "எல்லாம் சரிதாங்க. ஆனா அந்தக் கதையில எல்லாம் நம்ம ஆளு ஒருத்தரையும் காணோமே" என்றார்.

அவர் கூறியது எம்மைச் சுட்டது. கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்து மஞ்சள் தூளை முதலிற் கண்ட கை, பெரும்பாலும் தென்னாட்டிலிருந்து கால்நடையாக வந்த ஒரு கூலியாளின் கையாகவே இருந்திருக்கும். அவன் பெயரை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. இலையை அளந்தவர் ஒருவர். இலையோடு வாழ்ந்தவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையே பள்ளிக்கூடம் ஒரு பாலமாக அமைந்திருக்க வேண்டும். அது அமையவில்லை.

1945-இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனையும் பெறவில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1970-களிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறத் தொடங்கின. நாடற்றோர் என்னும் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரையிலும் தேவைப்பட்டது. இத்தனையையும் கடந்து ஒரு பிள்ளை உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு வரும்போது, அங்கே இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருப்பாரா என்பது அடுத்த கவலை. நாம் குறிப்பிடும் பெண்ணே ஓராண்டு முழுவதும் இரசாயன ஆசிரியர் இன்றி, பழைய வினாத்தாள்களைக் கொண்டு தானாகப் படித்தவள்.

நன்மைகளும் இல்லாமலில்லை. பல்கலைக்கழகம் புகுவதற்கு மாவட்ட அடிப்படையில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. கல்வி வாய்ப்புக் குறைந்தவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் வசதி குறைந்த மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கிவருகின்றது. பதுளை நகரை அடுத்துப் பசறை வீதியிலேயே 2005-இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழினுட்பத்தையே ஒரு பட்டப் படிப்பாக அங்கே கற்பிக்கிறார்கள். கொழுந்து மலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையேயுள்ள தூரம் இன்று சில மைல்களே. அந்தச் சில மைல்களைக் கடப்பதுதான் இன்னமும் கடினம்.

அங்கே வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் மாணவர்க்காக, அப்பெண் எம்மிடம் கூறியவற்றிற் சிலவற்றை எழுதுகின்றோம்.

முதலாண்டிலே பெருந்தடை ஆங்கிலம். அதுவரை தமிழிற் கற்ற விஞ்ஞானம் திடீரென வேற்றுமொழியில் வரும்போது, தெரிந்த விஷயமும் தெரியாதது போலாகிவிடுகிறது. அவள் நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் என்று கணக்கு வைத்துக் கற்றாளாம். பகிடிவதையைத் தடுக்க 1998-இலேயே சட்டம் வந்திருந்தும் அதன் வேர் முற்றாக அறவில்லை; துன்பம் நேர்ந்தால் மறைக்காமல் உரியவரிடம் முறையிடுமாறு புதிய மாணவர்க்கு அவள் கூறுகிறாள். மூன்றாண்டுகள் பிறர் கண்டறிந்ததைப் படித்தபின், இறுதியாண்டிலே எவரும் விடை காணாத ஒரு சிறு கேள்வி கையில் தரப்படுகிறது. அதுவரை முதல் வரிசையில் நின்ற மாணவரும் அப்போதுதான் தடுமாறுவார்களாம். ஏனெனில் அதற்கு விடை பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

அவளுக்குக் கிடைத்த கேள்வி இது: வெவ்வேறு உயரத்திலுள்ள மூன்று மலைகளின் கொழுந்தில், கச்சான் காலத்து மணப்பொருள் எவ்வளவு வேறுபடுகிறது? அதற்காக ஒரே இனச் செடி, ஒரே அளவுக் கொழுந்து, ஒரே நேரம் என ஒவ்வொன்றையும் ஒன்றுபோல வைத்துக்கொள்ள வேண்டும். விடியுமுன் மலையேறி, பறித்த கொழுந்தைக் குளிர்பெட்டியில் இட்டு, முதல் பஸ்ஸில் ஆய்வுகூடம் சேர்ந்து, நிறுத்து, அரைத்து, திராவகத்திலே ஊறவைத்து, சிறு போத்தல்களில் அடைத்தாள். 36 போத்தல்கள். வாசனைப் பொருள்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்துக்கு அவளது முறை வருவதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முறை வந்த அன்று பெட்டியைத் திறந்தாள். ஒரு போத்தலின் மூடி தளர்ந்து திராவகம் கசிந்திருந்தது. பேனாவினால் எழுதி ஒட்டியிருந்த துண்டுகளில் 14 துண்டுகளின் மை கரைந்து போயிருந்தது. எந்தப் போத்தல் எந்த மலைக்குரியதென்று தெரியவில்லை. பென்சிலால் எழுதியிருந்தால் அழிந்திராது என்பது எல்லாருக்கும் முதலாண்டிலேயே சொல்லப்பட்ட புத்தி. கச்சான் காலமும் முடிந்துவிட்டது. இனி மறு ஆண்டுதான்.

அவள் அந்தப் போத்தல்களை மூக்கருகே கொண்டுபோனாளாம். மணத்தைக்கொண்டு, இது மேல் மலை, இது கீழ் மலை என்று ஊகித்து எழுதிவிடலாம், பார்ப்பவர் எவருமில்லை, எழுதினால் ஆராய்ச்சி அழகாக முடிந்துவிடும். அவள் எழுதவில்லை. அழுதுகொண்டே பேராசிரியரிடம் சென்று உள்ளதைச் சொன்னாள். "அந்தப் பதினான்கையும் விட்டுவிடுங்கள். ஏன் விட்டீர்கள் என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள்" என்றார் அவர். எஞ்சிய 22 போத்தல்களைக்கொண்டு உறுதியான முடிவு எதுவும் கூற முடியவில்லை. அறிக்கையின் இறுதியில் அதையே எழுதினாள். ஈராண்டு கேட்பது இந்தக் குறையை நிறைவாக்குவதற்குத்தான்.

நேயர்களே, இலாபமில்லாத இடத்தில் உண்மை சொல்லுதல் எளிதன்று. மருந்தில்லையென்று சொன்ன மார்ஷல் வார்ட்டும், முடிவில்லையென்று எழுதிய இந்தப் பெண்ணும் ஒரே பாதையிற் சென்றவர்களே. மகளின் ஆராய்ச்சி தோற்றுப்போய்விட்டது என்று தந்தையார் எண்ணிக்கொண்டிருந்தார். தோற்கவில்லை, அது பொய்யாகாமல் தப்பியது என்று அவருக்கு எடுத்துக் கூறினோம். அவர் தலையை மாத்திரம் அசைத்தார்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த முதியவள், தைலம் பூசிய தோளை அசைத்துப் பார்த்தபடி, பேர்த்தியிடம் வினவினாள்: "நீ எந்த எந்த மலையில எடுத்த?"

பேர்த்தி மூன்று மலைகளின் பெயரையும் கூறினாள்.

"நடு மலைய எதுக்கு எடுத்த? அது ஆத்துப் பக்கம் மடிஞ்சிருக்கு. கச்சான் அங்க இறங்காது. அங்க எடுக்குற கொழுந்துக்கு அந்த வாசம் வராது. மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் காத்துப் படணும்."

பெண் பேச்சிழந்தாள். அவள் உயரத்தைக் கணக்கெடுத்திருந்தாள், காற்றைக் கணக்கெடுக்கவில்லை. தைலக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்தாள்.

"அப்பாயி, இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றாள் முதியவள்.

ஒன்றரை நூற்றாண்டாக இம்மலைகளில் எத்தனையோ ஆயிரம் பெண்கள் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். எந்த மூலையில் பனி தங்கும், எந்தச் சரிவில் புழு முதலில் விழும், எந்த மாதக் கொழுந்து எப்படி மணக்கும் என்பன அவர்கள் விரல்களுக்குத் தெரியும். கொழுந்து மடுவத்திலே அவர்களது கூடையை நிறுத்தார்கள். அவர்கள் அறிந்ததை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. முதியவள் சொன்னதும் இன்னும் ஆராய்ச்சி முடிவன்று. அது சோதித்துப் பார்க்க வேண்டிய ஓர் ஊகம். ஆயினும் அதைக் கேட்பதற்கு அந்தப் பாஷையும் அந்த மலையும் தெரிந்த ஒருவர் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டுமன்றோ? தோட்டத்துப் பிள்ளை விஞ்ஞானம் கற்பது வீட்டை நிமிர்த்துவதற்கு மட்டுமன்று. நம்மவர் அறிந்து வைத்திருப்பது எழுத்தில் ஏறுவதற்கும் அதுவே வழி.

ஆனால் வயிறும் வாடகையும் பொய்யல்ல. ஆகையால் பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இது. ஆராய்ச்சியைத் தொடருமாறு அழைப்பு வந்தால், உணர்ச்சிவசப்பட்டு ஏற்கவும் வேண்டாம். அச்சத்தால் மறுக்கவும் வேண்டாம். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை முதலியவை ஆராய்ச்சிக்கு நிதி வழங்குகின்றன. அத்தகைய நிதியிலிருந்து உதவி ஆய்வாளர்க்கு மாதப்படி கொடுப்பதுண்டு. மாதப்படி உண்டா, எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, பட்டம் எப்போது பதிவாகும் என்பவற்றைப் பேராசிரியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்; விடையை எழுத்திலே பெறுங்கள். கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இக்கேள்விகளால் கோபிக்கமாட்டார்கள். வீட்டுக் கணக்கையும் பிள்ளையின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

அன்றிரவு நாம் விடைபெற்றபோது அவ்வீட்டில் முடிவு எதுவும் ஆகியிருக்கவில்லை. அது அவர்கள் வீட்டுக் காரியம், எம்முடையதன்று. விளக்கின் கீழ் பேர்த்தி பென்சிலும் கையுமாய் அமர்ந்திருக்க, முதியவள் தோட்டத்திலுள்ள மலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, காற்று எங்கே விழும், எங்கே விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தந்தையார் வீதிவரை எம்மோடு வந்தார். வெகுநேரம் பேசாமல் நடந்தவர், பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தபோது சொன்னார்:

"அம்மா ஒண்ணு விட்டுட்டாங்க. ஏழாம் நம்பர் மலையிலயும் காத்து இறங்காது. கவ்வாத்து வெட்டப் போறப்ப நான் பார்த்திருக்கேன். புள்ளகிட்டச் சொல்லணும்."